நிலா எந்தப் பக்கம் போகும்

பிரபஞ்சம் முழுவதையும் ஒரே ஒரு சட்டம் ஆள்கிறது. மலைகள் தேயலாம், கடல்கள் வற்றலாம், மனிதர்கள் வருவார்கள், போவார்கள். ஆனால் ஒரு பொருள் இன்னொரு பொருளை இழுக்கும் என்ற அந்தச் சட்டம் ஒரு கணமும் ஓய்வெடுப்பதில்லை, யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மட்டும் அது இருபது நிமிடம் காத்திருந்தது. கணினி அறையின் சாவி காவலாளியிடம் இருந்தது. காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் நடைபாதையில் வரிசையாக நிற்க, அறிவியல் ஆசிரியர் கதவுக்குக் குறுக்கே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ரேடார். கடைசி வரிசையில் யாராவது பென்சில் கைமாற்றினால் போதும், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பவரின் கழுத்து தானாகத் திரும்பும். இருபத்தாறு வருட சர்வீஸில் பரீட்சை அறையில் அவர் பிடித்த காப்பிகள் நூற்றுப் பதினான்கு. அவரே சொன்ன கணக்கு இது. அதற்கென்றே இழுப்பறையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஷூவுக்குள் பிட், அழிரப்பர் உறைக்குள் பிட், மாவுக்கட்டுப் போட்ட கைக்குள் பிட். அந்தக் கை நிஜமாகவே உடைந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் எண்ணிக்கையிலிருந்து அதை அவர் கழிக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு இந்த வருடம் ஒரு வாய்ப்பு வந்திருந்தது. ஈர்ப்பு விசையையும் சுற்றுப்பாதையையும் கணினித் திரையில் ஓட்டிக் காட்டிப் பாடம் நடத்தும் திட்டம் ஒன்றைக் கல்வி அலுவலகம் கொண்டுவந்திருந்தது. முதலில் நாலு பள்ளிகள், பிறகு நாற்பது. நாற்பது பள்ளிகளுக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளர். தனி அறை, வாசலில் பெயர்ப்பலகை. வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து ரேடாரின் வகுப்பைப் பார்ப்பார். பிடித்திருந்தால் அங்கேயே கையெழுத்து.

"பலகையில என்ன எழுதுவாங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"கணினிவழிப் பாவனைக் கற்றல் ஒருங்கிணைப்பாளர்."

"அவ்வளவும் ஒரே பலகையிலயா? கதவு தாங்குமா?"

கணினிவழிப் பாவனை என்று அவர் சொன்னதைப் பிள்ளைகள் கிரகம் கேம் என்றார்கள். கருப்புத் திரை, நடுவில் மஞ்சளாகச் சூரியன், அதைச் சுற்றி நீலமாகப் பூமி, பூமியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நிலா. வலது ஓரத்தில் ஈர்ப்பு விசை என்று ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். டிக்கை எடுத்தால் ஈர்ப்பு விசை போய்விடும். பிரபஞ்சத்தில் முடியாதது அங்கே ஒரு சொடுக்கில் முடியும். ரேடார் இதுவரை மவுஸைத் தொட்டதில்லை. தொட்டால் ஏதாவது அழிந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்துக்கு அவர் வைத்திருந்த பெயர், மாணவர் மையக் கல்வி.

இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு விதிதான். திரையை ஓட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் யூகத்தைப் பேனாவால் எழுதிவிட வேண்டும். தப்பாக இருந்தால் பரவாயில்லை, மதிப்பெண் குறையாது. ஆனால் சொந்த யூகமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டிப் பார்ப்பது. சுற்றறிக்கையில் அதிகாரி 'சொந்த' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

சாவி வந்தது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள். தாள்கள் கொடுக்கப்பட்டன. மூன்றாம் கேள்வி: 'ஈர்ப்பு விசைக் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் நிலா என்ன ஆகும்? ஏன்?'

பத்து நிமிடத்தில் தாள்களை வாங்கி ரேடார் புரட்டினார். முதல் தாள்: 'நிலாவுக்கு ஒன்றும் ஆகாது. ஏனெனில் வானவெளியில் ஈர்ப்பு விசை என்பதே கிடையாது.' இரண்டாவது தாள்: 'நிலாவுக்கு ஒன்றும் ஆகாது. ஏனெனில் வானவெளியில் ஈர்ப்பு விசை என்பதே கிடையாது.' மூன்றாவது. நாலாவது. பதினொன்றாவது தாளில் மட்டும் மாற்றம் இருந்தது; அதில் 'ஏனெனில்' அழகான கையெழுத்தில் இருந்தது.

முப்பத்திரண்டு தாள். ஒரே வரி.

ரேடாரின் காதுமடல் சூடானது. "யாரும் மவுஸைத் தொடக்கூடாது!"

"சார், ஓட்டிப் பார்க்க வேணாமா?" என்றாள் ஜன்னலோரப் பெண். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் அவளை வகுப்பே 'ஏன்' என்றுதான் கூப்பிடும்.

"முதல்ல இது எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியணும்."

"எது சார்?"

"இந்த வரி!"

"எங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதினோம் சார்."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியுமா?"

"ஒரே கிளாஸ்தானே சார்," என்றாள் 'ஏன்'.

திமிர் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். கணினிகள் அணைக்கப்பட்டன. நிலா எந்தப் பக்கம் போகும் என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

ஓய்வறையில் உட்கார்ந்து ரேடார் துப்புத் துலக்கினார். முதல் துப்பு, 'ஏனெனில்'. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எது ஏனெனில் என்று எழுதும்? 'ஏன்னா' என்று எழுதும், இல்லையென்றால் ஒன்றும் எழுதாது. ஆக, இது பெரியவர் கை. இரண்டாவது துப்பு, விடை தப்பு. நிலாவைப் பூமி இழுத்துப் பிடித்திருப்பதே ஈர்ப்பு விசைதான். ஆக, எழுதிக் கொடுத்த பெரியவர் ஒரு அரைகுறை. மூன்றாவது துப்பு, கேள்வித்தாள் முன்பே வெளியே போயிருக்கிறது. பெரியவர், அரைகுறை, கேள்வித்தாள் கைக்கு எட்டும் தூரம். மூன்றையும் கூட்டியதும் அவருக்கு மச்சான் முகம் பளிச்சென்று தெரிந்தது.

மனைவியின் தம்பி பக்கத்துத் தெருவில் மாடியில் ட்யூஷன் நடத்திவந்தான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். அப்போது கேள்வித்தாள் கட்டு கூடத்து மேசையில் இருந்தது. அவன் அதன் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தான். வைத்தானா, வைப்பதுபோல் பார்த்தானா?

புதன்கிழமை காலை தலைமையாசிரியையிடம் மூன்று பக்கப் புகார் கொடுத்தார். சாயங்காலம் மாடிப்படி ஏறினார்.

"வாங்க மாமா! அதிசயமா இருக்கே. செருப்போடவே வாங்க, இன்னும் பெருக்கல."

"எங்க ஏழாம் கிளாஸ் பசங்க உன்கிட்ட எத்தனை பேர் வர்றாங்க?"

"ரெண்டு பேர். அதுல ஒருத்தன் தூங்குறதுக்கு வர்றான். ஏன் மாமா, ஆள் பிடிச்சுத் தரப்போறீங்களா?"

"வானவெளியில ஈர்ப்பு விசை இருக்கா, இல்லையா?" ரேடார் சட்டென்று குறுக்கே வெட்டிக் கேட்டார். எதிர்பாராத நேரத்தில் கேட்டால் உண்மை வெளியே வரும் என்பது அவர் அனுபவம்.

மச்சான் யோசித்தான். "நான் கணக்கு மட்டும்தான் எடுக்கிறேன் மாமா. அறிவியல்னு போர்டுல போட்டிருக்கேன், யாரும் கேட்டதில்ல. இருக்கா?"

நடிப்பு என்றால் இவன் பெரிய நடிகன். நடிப்பு இல்லை என்றால் பெரிய அரைகுறை. இரண்டுமே துப்போடு ஒத்துப்போயின. ரேடார் அலமாரியைப் பார்த்தார், குப்பைக்கூடையைப் பார்த்தார், கூடையிலிருந்த கசங்கிய தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அது சலவைக்குப் போட்ட துணிகளின் பட்டியல்.

"மாமா, அதுல என்னோட ஜட்டிக் கணக்கெல்லாம் இருக்கு," என்றான் மச்சான் மரியாதையாக.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அதிகம் பேசாத பெண்மணி. மூக்குக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். கண்ணாடி மேசையில் இருந்தது. மேசைக்குப் பக்கத்தில் 'ஏன்' நின்றுகொண்டிருந்தாள், கையில் பிரவுன் அட்டை போட்ட நோட்டு.

"சார், உங்க புகாரைப் படிச்சேன். கடைசிப் பத்தியை நானே படிக்கவா?" தலைமையாசிரியை படித்தார்: "'மேற்படி வாக்கியத்தைப் பிள்ளைகளின் பிஞ்சு மனதில் திணித்த நபர் அறிவியலின் வாசனைகூட அறியாத மூடர் என்பது தெளிவு. அவர் எவராயினும், எத்தகைய செல்வாக்கு உடையவராயினும், கற்பிக்கும் தொழிலிலிருந்தே அவரை நிரந்தரமாக விலக்கிவைக்க வேண்டும்.'"

"ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன் மேடம்," என்றார் ரேடார்.

"நோட்டைக் காட்டும்மா."

'ஏன்' நோட்டைப் பிரித்தாள். போன பருவத்துப் பாடம். 'விண்வெளி வீரர்கள் மிதப்பது ஏன்?' என்று தலைப்பு. கீழே, 'ஏனெனில் வானவெளியில் ஈர்ப்பு விசை என்பதே கிடையாது.' சிவப்பு மையில் அடிக்கோடு. ஓரத்தில் ஒரு நட்சத்திரம், 'மிக முக்கியம், மனப்பாடம் செய்க.' அதற்குக் கீழே வால் நீண்ட ஒரு கையெழுத்து. அந்த வாலை இந்தப் பள்ளியில் ஒருவர்தான் போடுவார்.

ரேடார் முதலில் கையெழுத்தைச் சந்தேகித்தார். நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு மையை விரல் நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்திரண்டு நோட்டுலயும் இருக்கு," என்றார் தலைமையாசிரியை. "நீங்க சொல்லச் சொல்ல எழுதியிருக்காங்க. புகாரை நான் ரிஜிஸ்டர்ல ஏத்தல. எடுத்துக்கோங்க. நாளைக்குப் புதுத் தாள் கொடுங்க, முதல்லேருந்து எழுதட்டும். இன்னொண்ணு சார்..."

"சொல்லுங்க மேடம்."

"அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணும் சொல்லிக் கொடுத்துடாதீங்க."

ஆனாலும் வகுப்பைச் சந்திக்காமல் இருக்க முடியுமா? மதியம் மேசைக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். "அந்த வரி தவறு. உங்க விழிப்புணர்வைச் சோதிக்கணும்னு, வேணும்னேதான் கொடுத்தேன். யாராவது எதிர்த்துக் கேட்பீங்களான்னு அஞ்சு மாசமா காத்துக்கிட்டிருந்தேன்."

ஜன்னலோரத்தில் 'ஏன்' எழுந்தாள். "வேற எந்தெந்த வரி சார் சோதனைக்குக் கொடுத்தது?"

"வேற ஒண்ணும் இல்ல."

"அது சோதனை இல்லன்னு எப்படி சார் தெரியும்?"

அதற்குள் நாலைந்து பேர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "சார், இலை பச்சையா இருக்கிறது நிஜமா, சோதனையா?" "ரத்தம் சிவப்புங்கிறது?" "சார், தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும்னு நட்சத்திரம் போட்டிருக்கீங்களே?" வகுப்பு முடியும்போது ஓரங்களில் பென்சிலால் கேள்விக்குறி போடும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் முப்பது முப்பது பேராகப் பிள்ளைகளைச் சந்தேகித்தவரை முதல்முறையாக முப்பத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. டிக்கை எடுத்தால் நிலா ஒன்றும் ஆகாமல் இருக்காது. சரி. என்னதான் ஆகும்?

சூத்திரம் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் சூத்திரத்தில் நிலா எந்தப் பக்கம் போகும் என்று எழுதியிருக்கவில்லை. மூன்று பேர் மேல் சந்தேகம் வந்தது. ஒன்று, பூமி மேலேயே விழும். இரண்டு, பூமிக்கு நேர் எதிராக, வெளிப்பக்கம் பாயும். மூன்று, போய்க்கொண்டிருந்த திசையிலேயே பக்கவாட்டில் நழுவும். மூன்று பேர் முகத்திலும் குற்றக்களை இருந்தது. மச்சானைத் துரத்தின நேரத்தில் கணினி அறைக்குப் போய் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். இப்போது அறை பூட்டியாகிவிட்டது.

பேனா மூடியில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினார். வேகம் வந்ததும் நூலை விட்டார். விடும் கணத்தில், மூக்குக்கண்ணாடியில் பட்டுவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டார். எங்கேயோ டக் என்று சத்தம் கேட்டது.

"என்னங்க, அலமாரிக்குப் பின்னாடி எதைத் தேடறீங்க?"

"நிலாவை."

மனைவி கிட்டே வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி சரியான நேரத்துக்கு வந்தார். ஒல்லியான, சிரித்த முகம். தோளில் துணிப்பை, பையில் கோப்பு. கோப்பைத் திறந்து மேசையில் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்துக்கு நேராகப் பேனாவையும் வைத்தார். ரேடாரின் கண் அந்தப் பேனாவை விட்டு நகரவில்லை. தலைமையாசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு வழக்கமா செய்வேன் சார்," என்றார் அதிகாரி. "ஆசிரியரும் தாள் எழுதணும். பசங்களோட உட்கார்ந்து. தப்பா எழுதினாலும் சந்தோஷம். நமக்கும் யூகம் வரணும், இல்லையா?"

"அருமையான சிந்தனை," என்றார் ரேடார்.

காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. 'ஏன்' பக்கத்தில் வழக்கமாக உட்காரும் ஜோடிப் பெண் அன்று வரவில்லை. ரேடார் முழங்கால் மேசையில் இடிக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

முதல் கேள்வியும் இரண்டாவதும் தெரிந்தவை. மூன்றாவதில் பூமியும் நிலாவும் வரையப்பட்டிருந்தன. நிலாவிலிருந்து ஓர் அம்பு போட வேண்டும், கீழே காரணம் எழுத வேண்டும். ரேடார் பேனாவை நிலா மேல் வைத்தார். எடுத்தார். வெளிப்பக்கமா? பக்கவாட்டிலா? அறை முழுக்கப் பேனாச் சத்தம். இன்று யாரும் யாரையும் பார்க்கவில்லை. நேற்றிலிருந்து இந்த வகுப்பில் யாரும் யாரையும் நம்புவதில்லை, எழுதிவைத்த எதையும் நம்புவதில்லை. ஆளாளுக்கு ஒரு அம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்," என்றார் அதிகாரி.

ரேடார் பேனாவைக் கீழே போட்டார். குனிந்து எடுத்தார். எழும்போது அவசரமே இல்லாமல், இடுப்பு வலிக்காரரைப் போல, இடதுபக்கம் சாய்ந்து எழுந்தார். நூற்றுப் பதினான்கு பேர் அவர் கண்முன்னால் செய்துகாட்டிய வித்தை. நூற்றுப் பதினான்கு பேரும் செய்த தப்பை அவர் செய்யவில்லை, யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே பார்வை. அம்பு பக்கவாட்டில். காரணம் ஒன்றரை வரி. மனதில் பதிந்தது.

கொச்சையாக இருந்ததை மட்டும் திருத்திக்கொண்டு எழுதினார்.

தாள்கள் போயின. இப்போது திரை. 'ஏன்' மவுஸை நகர்த்தி டிக்கை எடுத்தாள். அதுவரை வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டிருந்த நிலா, யாரோ கையை விட்டதுபோல, போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேர்கோட்டில், பக்கவாட்டில் நழுவித் திரையைத் தாண்டிப் போய்விட்டது. அறை முழுக்க "ஹோ" என்று ஒரு சத்தம். "நான் சொன்னேன்ல!" "போடா, நீ உள்ளே விழும்னு போட்டிருந்தே!" ரேடாரும் சத்தமாகக் கைதட்டினார். அவ்வளவு நிஜமான சந்தோஷத்தோடு அவர் கைதட்டி அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். முகம் மலர்ந்துகொண்டே போனது. "மேடம், இங்க பாருங்க. ஒருத்தர் எழுதினது மாதிரி இன்னொருத்தர் எழுதல! நாலு பள்ளியிலயும் இதுதான் முதல் தடவை. எப்படி சார் இவங்களை இப்படிப் பழக்கினீங்க?"

"சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தேன்," என்றார் ரேடார் அடக்கமாக.

"பிரமாதம்." அதிகாரி பேனாவைத் திறந்தார். கோப்பின் பக்கம் குனிந்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "உங்க தாள் எங்க சார்? ஆ, இதோ. காரணத்தைப் படிக்கிறேன், பசங்க கேட்கட்டும். பெரியவங்க எப்படிச் சொந்த அனுபவத்துலேருந்து யோசிக்கிறாங்கன்னு தெரியட்டும்." படித்தார்: "'என் தமக்கை என் கரங்களைப் பற்றிச் சுழற்றித் திடீரென விடுவித்தபோது, நான் இவ்வாறே பக்கவாட்டில் சென்று புதரில் வீழ்ந்தேன்.' ஆகா!"

பிள்ளைகள் ரேடார் புதரில் விழும் காட்சியை நினைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். ரேடாரும் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

அதிகாரி அந்தத் தாளைக் கோப்புக்குள் வைக்கப்போனார். அடுத்த தாள் கண்ணில் பட்டது. அதையும் அதே உற்சாகத்தில் படிக்க ஆரம்பித்தார். "'எங்க அக்கா என் கையைப் பிடிச்சுச் சுத்தி டக்குனு விட்டப்போ, நான் இப்படித்தான் சைடுல போய்ப் புதர்ல விழுந்தேன்.'"

கடைசி வரி வரைக்கும் அவர் குரலில் அந்த உற்சாகம் வரவில்லை.

'ஏன்' பக்கத்து நாற்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது அவள் முகத்தில் சந்தேகம் இல்லை. அவரைப் பார்க்க அவளுக்கு ஒரு மாதிரி பாவமாக இருந்தது.

"சார், உங்களுக்கும் அக்கா இருக்காங்களா?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கடைசி வரிசையில் தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ரேடார் வீட்டுக்கு ஒரே பிள்ளை.